தாத்தாவின் விமான லாக்புக்கைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாவின் பெரியப்பா இரண்டாம் உலகப் போரில் இந்திய விமானப்படையின் ஹரிக்கேன் விமானி. 1944இல் இம்பாலில் இருந்தார். போர் முடிந்து ரயில்வேயில் சேர்ந்து, ஓய்வு பெற்று, கடைசிவரை அந்த நாட்களைப் பற்றி வீட்டில் யாரிடமும் பேசவில்லை. அவர் காலமான பிறகு, பீரோவில் நிலப் பத்திரங்களோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்த நீலத் துணி அட்டை போட்ட ஒரு தடித்த நோட்டு கிடைத்தது. அதுதான் அவருடைய லாக்புக். திறந்தால் பக்கம் பக்கமாகச் சுருக்கங்கள். டி.சி.ஓ., டாக்/ஆர், எம்.எஸ்., யு/எஸ். அதைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. செய்தி பரவியதும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் தங்கள் வீட்டு லாக்புக்குகளைக் கொண்டுவந்து கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவையும் நான் சொன்ன பதில்களும்தான் கீழே இருப்பவை.

லாக்புக் என்பது டைரி மாதிரியா?

இல்லை. அது படைத்துறை ஆவணம். விமானிகளுக்கு ஃபார்ம் 414. நேவிகேட்டர், வயர்லெஸ் ஆபரேட்டர், ஏர் கன்னர் போன்ற மற்றவர்களுக்கு ஃபார்ம் 1767. பிரிட்டிஷ் விமானப்படை வைத்திருந்த அதே படிவங்களைத்தான் இந்திய விமானப்படையும் வைத்திருந்தது. ஒவ்வொரு பறப்பையும் எழுத வேண்டும், மாதக் கடைசியில் கூட்டிப் போட வேண்டும், மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பயந்தேன், அழுதேன் என்றெல்லாம் எழுத அதில் இடமே கிடையாது. ஒரு பறப்புக்கு ஒரு வரி, அவ்வளவுதான். அதனால்தான் இத்தனை சுருக்கம்.

எங்கிருந்து தொடங்குவது? முதல் பக்கத்திலிருந்தா?

நான் அப்படித் தொடங்கித்தான் மாட்டிக்கொண்டேன். முதல் பக்கங்கள் பயிற்சிக் காலம். குறிகள் அங்கேதான் மிகவும் நெருக்கமாக இருக்கும். முதலில் மாத முடிவில் வரும் தொகுப்புகளை மட்டும் பாருங்கள். எந்த மாதம், எந்தப் பிரிவு, எந்த ஊர், என்ன விமானம் என்பது அங்கே ஓரளவு விரிவாக இருக்கும். பெரும்பாலும் ரப்பர் முத்திரையும் இருக்கும். அதை வைத்து ஒரு தாளில் மாதவாரியாக எழுதிக்கொண்டால் முதுகெலும்பு கிடைத்துவிடும். பிறகு வரி வரியாகப் போகலாம்.

இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு சுருக்கத்துக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. அது எந்தக் கட்டத்தில், எந்த மாதத்தில், எந்த ஊரில் எழுதப்பட்டது என்பதுதான் அதன் அர்த்தம். 'ஏ.சி.' என்பது ஓரிடத்தில் விமானம், இன்னோரிடத்தில் தரைப்படையோடு சேர்ந்து செய்யும் ஆர்மி கோஆபரேஷன் வேலை. எழுத்தை மட்டும் பார்த்து அகராதியில் தேடினால் இரண்டும் குழம்பும். வரியைப் பார்த்தால் குழம்பாது.

பெயர் எழுதும் கட்டத்தில் 'செல்ஃப்' என்றே வருகிறது. அது யார்?

உங்கள் தாத்தாதான். ஃபார்ம் 414இல் இரண்டு பெயர்க் கட்டங்கள் உண்டு. முதலாவது விமானத்தை ஓட்டிய முதன்மை விமானிக்கு. இரண்டாவது இரண்டாம் விமானி, மாணவர் அல்லது பயணிக்கு. பயிற்சியின் ஆரம்பத்தில் முதல் கட்டத்தில் ஆசிரியர் பெயரும் இரண்டாவதில் 'செல்ஃப்' என்றும் இருக்கும். அந்த நேரம் 'டூயல்' என்ற தலைப்பின் கீழ் ஏறும். ஒரு நாள் 'செல்ஃப்' முதல் கட்டத்துக்கு இடம் மாறி, இரண்டாவது கட்டத்தில் 'சோலோ' என்றோ ஒரு கோடோ இருக்கும். அதுதான் அவர் முதன்முதலாகத் தனியாகப் பறந்த நாள். எங்கள் பெரிய தாத்தாவுக்கு அது பேகம்பேட்டையில், டைகர் மாத் விமானத்தில், பத்து நிமிடம். பல குடும்பங்கள் புரட்டித் தள்ளிவிட்டுப் போகும் வரி அது. எந்த விமானியும் மறக்காத வரியும் அதுதான்.

பெயருக்கு முன்னால் வருபவை பதவிகள். பி/ஓ பைலட் ஆபீசர், எஃப்/ஓ ஃப்ளையிங் ஆபீசர், எஃப்/லெஃப்டினன்ட் அதற்கு மேல், பிறகு எஸ்/லீடர், டபிள்யூ/கமாண்டர். பி/ஓ என்பதைத் தபால் ஆபீஸ் என்று நினைத்து, தாத்தா தபால் கொண்டுபோனார் என்று ஒரு குடும்பத்தில் முப்பது வருஷமாக நம்பியிருக்கிறார்கள்.

பயிற்சிப் பக்கங்களில் 'டியூட்டி' கட்டத்தில் 6, 7, 8, 9 என்று வெறும் எண்கள் இருக்கின்றனவே?

அவை பாட எண்கள். ஆரம்பப் பயிற்சிக்கு ஒரு வரிசை உண்டு. அச்சடித்த தாளாக அது லாக்புக்கின் முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ ஒட்டப்பட்டிருக்கும். பசை காய்ந்து விழுந்திருந்தால் நோட்டுக்குள்ளேயே எங்காவது கிடக்கும், தேடிப் பாருங்கள். வழக்கமான வரிசையில் 1 வெறும் பறப்பு அனுபவம், 2 கன்ட்ரோல்களின் விளைவு, 3 தரையில் ஓட்டுவது, 4 நேராகவும் சமமாகவும் பறப்பது, 6 மிதமான திருப்பங்கள், 7 காற்றை எதிர்த்து மேலெழுவது, 8உம் 9உம் இறங்கும் முறைகள், 10 சுழன்று விழும் விமானத்தை மீட்பது, 11 முதல் சோலோ. பிறகு கட்டாயத் தரையிறக்கம், தாழப் பறத்தல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல், வானக் கரணங்கள் என்று போகும். உங்கள் நோட்டில் ஒட்டிய தாள் இருந்தால் அதையே நம்புங்கள், இந்த வரிசையை அல்ல.

ஒரே நாளில் 8, 9, 8, 9 என்று வந்தால் அன்று இறங்கிப் பழகியிருக்கிறார். 'சி அண்ட் பி' என்று எழுதியிருந்தாலும் அதேதான். சர்க்யூட்ஸ் அண்ட் பம்ப்ஸ், அதாவது ஓடுதளத்தைச் சுற்றி வந்து இறங்கி, உடனே மறுபடி ஏறுவது.

எல்லா வரியிலும் 'டி.சி.ஓ.' என்று முடிகிறது. விருதா?

இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லும்போது கேட்பவரின் முகம் வாடிவிடும். டியூட்டி கேரீட் அவுட். சொன்ன வேலையைச் செய்து முடித்தாயிற்று என்று பொருள். 'டி.என்.சி.ஓ.' என்றால் முடிக்க முடியவில்லை. வானிலை, எஞ்சின் கோளாறு, ரேடியோ செத்துப்போனது என்று காரணமும் பக்கத்தில் இருக்கும். விருது என்றால் டி.எஃப்.சி., டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ். அது தினசரி வரியில் இப்படி ஒட்டிக்கொண்டு வராது.

ஒரு வரியை முழுதாகப் படித்துக் காட்ட முடியுமா?

எங்கள் நோட்டிலிருந்தே ஒன்றை எடுக்கிறேன். 1944 மார்ச் நடுவில் ஒரு நாள்.

"ஹரிக்கேன் 2சி. 'கே'. செல்ஃப். டாக்/ஆர் டிட்டிம் ரோடு எம்.எஸ். 90 – 109. லைட் ஏ.ஏ. டி.சி.ஓ. 1.35."

ஹரிக்கேன் 2சி என்பது நான்கு பீரங்கிகள் பொருத்திய ரகம். 'கே' அந்த ஸ்குவாட்ரனுக்குள், அதாவது விமானப் பிரிவுக்குள், அந்த விமானத்தின் அடையாள எழுத்து. சிலர் எழுத்துக்குப் பதிலாகத் தொழிற்சாலை வரிசை எண்ணை எழுதுவார்கள். இரண்டு எழுத்தும் மூன்று எண்ணுமாக இருந்தால் அது வரிசை எண். செல்ஃப், அவரே ஓட்டினார்.

டாக்/ஆர் என்பது டாக்டிகல் ரிகானசன்ஸ். தாழப் பறந்து எதிரி எங்கே, எவ்வளவு பேர், எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று பார்த்து வந்து சொல்வது. பர்மா எல்லையில் இதற்கு இரண்டு விமானங்களாகப் போவார்கள். ஒருவர் தரையைப் பார்ப்பார். இன்னொருவர் பின்னால் வளைந்து வளைந்து பறந்து, எதிரி விமானம் வருகிறதா என்று வானத்தைப் பார்ப்பார். இரண்டாமவருக்கு 'வீவர்' என்று பெயர். சில வரிகளில் 'வீவர் டு' என்று எழுதி ஒரு பெயர் இருந்தால், அன்று உங்கள் தாத்தா காவல் வேலையில் இருந்தார் என்று பொருள்.

டிட்டிம் ரோடு, இம்பாலிலிருந்து தெற்கே பர்மாவின் சின் மலைகளில் இருக்கும் டிட்டிம் வரை போகும் மலைப்பாதை. எம்.எஸ். என்பதில்தான் நான் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டு நின்றேன். மெட்ராஸ் ஸ்டேட், மிலிட்டரி ஸ்டோர்ஸ் என்று என்னென்னவோ நினைத்தேன். அது மைல் ஸ்டோன். இம்பாலிலிருந்து எண்ணிய மைல்கல். மலைக்காட்டில் ஊர்ப்பெயர் சொல்ல ஊர் ஏது? மைல்கல்லைத்தான் எல்லோரும் முகவரியாக வைத்திருந்தார்கள். 109ஆம் மைல்கல்லில் பெரிய படைக் கிடங்கு இருந்தது. அந்த மார்ச்சில் டிட்டிமிலிருந்த 17ஆவது இந்திய டிவிஷன் இம்பாலுக்குத் திரும்பி வரத் தொடங்கியபோது, ஜப்பானின் 33ஆவது டிவிஷன் அவர்களுக்குப் பின்னால் போய் இந்தப் பாதையை வெட்டியது. அப்படியானால் 90 முதல் 109 வரை பார்த்துவிட்டு வா என்று ஏன் அனுப்பினார்கள் என்பது புரிகிறதல்லவா? அந்தப் பத்தொன்பது மைலில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் அன்றைய கேள்வி.

லைட் ஏ.ஏ. என்பது இலகுரக விமான எதிர்ப்புத் துப்பாக்கி. தரையிலிருந்து இவரைச் சுட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதியது இரண்டே சொல். டி.சி.ஓ., வேலை முடிந்தது. ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம்.

அடுத்த வரி அதே நாள் மதியம். 'டியூட்டி' கட்டத்தில் '–டூ–' என்று மட்டும் இருக்கிறது. நம் பழைய கணக்குப் புத்தகங்களில் வருகிற அதே டிட்டோ. மறுபடி அதே பாதை.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, காரில் போனால் பெரிய தாத்தா மைல்கற்களை வாய்விட்டு எண்ணிக்கொண்டே வருவார். நாங்களும் கூடச் சேர்ந்து கத்துவோம். அதற்கும் இதற்கும் தொடர்பு இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எம்.எஸ். புரிந்த இரவு எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

'யு/எஸ்' என்று அடிக்கடி வருகிறது. அமெரிக்க விமானத்தில் பறந்தாரா?

இல்லை. அன்சர்வீசபிள், அதாவது பழுது. 'ஆர்/டி யு/எஸ்' என்றால் ரேடியோ டெலிபோன் வேலை செய்யவில்லை. 'ஏ/சி யு/எஸ்' என்றால் விமானமே பழுது. இப்படி ஏமாற்றும் குறிகள் இன்னும் சில உண்டு. 'டபிள்யூ/சி' கழிப்பறை அல்ல, விங் கமாண்டர். 'இ/ஏ' எதிரி விமானம். 'டபிள்யூ/டி' வயர்லெஸ் தந்தி. 'ஏ.எல்.ஓ.' விமானத் தளத்திலேயே தங்கி, தரைப்படைக்கு என்ன தகவல் வேண்டும் என்று விமானிகளுக்கு விளக்கும் தரைப்படை அதிகாரி. 'எக்ஸ்-சி' என்பது கிராஸ் கன்ட்ரி, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வழி கண்டுபிடித்துப் பறக்கும் பயிற்சி. 'ஏஞ்சல்ஸ் 12' என்றால் பன்னிரண்டாயிரம் அடி உயரம்.

பர்மா எல்லைப் பக்கங்களில் ஆங்கிலமே அல்லாத சொற்களும் வரும். 'பாஷா' என்பது மூங்கிலும் ஓலையும் வைத்துக் கட்டிய குடிசை. அஸ்ஸாமில் சொல்வது. 'சாங்' என்பது பர்மிய மொழியில் ஓடை. "ஸ்ட்ராஃப்ட் பாஷாஸ் நியர் சாங்" என்று வந்தால், ஓடைக்கரைக் குடிசைகளைத் தாழப் பறந்து சுட்டிருக்கிறார்கள். அந்தக் குடிசைகளில் ஜப்பானியப் படை தங்கியிருக்கும் என்ற கணிப்பில் செய்தது. உள்ளே யார் இருந்தார்கள் என்பதை லாக்புக் சொல்லாது. படிக்கும் பிள்ளைகளிடம் இந்த இடத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

'10/10' என்று எழுதியிருக்கிறது. முழு மதிப்பெண்தானே?

மேகம். அந்தக் காலத்தில் வானத்தைப் பத்துப் பங்காகப் பிரித்து, எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது என்று எழுதுவார்கள். 10/10 என்றால் நீலமே தெரியாத வானம். இம்பால் பள்ளத்தாக்கைச் சுற்றி நாலாபுறமும் மலை. ஜூன், ஜூலை மழையில் 10/10 என்றால், மலை எங்கே மேகம் எங்கே என்று தெரியாமல் திரும்பி வர வேண்டும். எங்கள் நோட்டில் 10/10 வரும் இடங்களில் பாதிக்கு மேல் டி.என்.சி.ஓ.தான். நான் முதலில் பெருமையோடு மற்றவர்களுக்குக் காட்டியதும் அந்தப் பக்கங்களைத்தான்.

நேரத்தைக் கூட்டினால் கணக்கு உதைக்கிறதே?

1.35 என்பது ஒன்றேகால் சொச்சம் அல்ல, ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பது நிமிடம். கம்ப்யூட்டரில் அப்படியே ஏற்றிக் கூட்டினால் தப்பாகத்தான் வரும். மணியையும் நிமிடத்தையும் தனித்தனியாக ஏற்றுங்கள். அதன் பிறகும் உதைத்தால், அவரே கூட்டலில் தவறியிருக்கலாம். சிவப்பு மையில் அடித்துத் திருத்திய மொத்தங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிளம்பிய நேரமும் எழுதியிருந்தால் இன்னொன்று நினைவில் வையுங்கள். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. காலை 6.00 என்று எழுதியிருந்தால் இன்றைய கணக்கில் 5.00. விடியலில் கிளம்பினாரா இருட்டில் கிளம்பினாரா என்பதை இது மாற்றிவிடும்.

சில வரிகள் சிவப்பு மையில் இருக்கின்றன. ஆபத்தான பறப்பா?

பொதுவாக இரவுப் பறப்புக்குச் சிவப்பு, பகலுக்கு நீலம் அல்லது கறுப்பு. சில பிரிவுகளில் போர்ப் பறப்புகளையும் சிவப்பில் எழுதினார்கள். எனவே உங்கள் நோட்டில் எது வழக்கம் என்பதை நேரக் கட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். சிவப்பு வரியின் நேரம் 'நைட்' தலைப்பின் கீழ் இருந்தால் இரவு. பகல் தலைப்பின் கீழ் இருந்தால் போர்ப் பறப்பு. தனிப் பக்கத்தில் சிவப்பில் ஒரு குறிப்பும் கையெழுத்தும் மட்டும் இருந்தால் அது வேறு விஷயம். கவனக்குறைவால் நடந்த விபத்துக்கு மேலதிகாரி எழுதும் கண்டனம். திறமையாகச் சமாளித்ததற்கான பாராட்டைப் பச்சையில் எழுதுவார்கள்.

பிரிவுகளின் சுருக்கங்களைச் சொல்லுங்கள்.

இந்தியாவில் பயிற்சி பெற்றவர் என்றால் பாதை பெரும்பாலும் இப்படி இருக்கும். ஐ.டி.டபிள்யூ., லாகூரின் வால்டனில் இருந்த தொடக்கப் பயிற்சி. அங்கே பறப்பதே இல்லை, அதனால் லாக்புக்கில் வராமலே போகலாம். பிறகு இ.எஃப்.டி.எஸ்., டைகர் மாத் ஓட்டும் ஆரம்பப் பறப்புப் பள்ளி. ஹைதராபாத் பேகம்பேட்டையில் ஒன்று, ஜோத்பூரில் ஒன்று. பிறகு எஸ்.எஃப்.டி.எஸ்., அம்பாலாவில் ஹார்வர்டு விமானம். இங்கேதான் இறக்கைச் சின்னம் குத்துவார்கள். பிறகு ஓ.டி.யு., போருக்கான விமானத்தில் பழகும் இடம். ரிசால்பூர், பெஷாவர். அதன் பின் ஸ்குவாட்ரன். நடுவில் 'ஏ.எஃப்.டி.யு. அமர்தா ரோடு' என்று வந்தால், ஒரிசாவில் இருந்த வான்போர்ப் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

புதிய தளத்துக்குப் போனதும் முதல் வரி 'செக்டர் ரெக்கி' என்று இருக்கும். சுற்றுப்புறத்தைப் பார்த்து மனதில் பதித்துக்கொள்ளும் பறப்பு. இடமாற்றத் தேதியைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல அடையாளம் இல்லை. முத்திரையும் உதவும். 1945 மார்ச்சில்தான் படையின் பெயருக்கு முன்னால் 'ராயல்' சேர்ந்தது. அதற்கு முன் 'ஐ.ஏ.எஃப்.', பிறகு 1950 தொடக்கம்வரை 'ஆர்.ஐ.ஏ.எஃப்.'

'சி.டி.எஃப். மெட்ராஸ்' என்று இருக்கிறது. சென்னையில் போர் விமானப் பிரிவு இருந்ததா?

இருந்தது. கோஸ்டல் டிஃபன்ஸ் ஃப்ளைட். துறைமுக நகரங்களைக் காக்க, தன்னார்வ விமானிகளை வைத்து அமைத்த சிறு பிரிவுகள். முதலாவது சென்னையில், பரங்கிமலைத் தளத்தில். 'வாபிட்டி' போன்ற பழைய இரட்டை இறக்கை விமானங்களில் கடலைச் சுற்றி வந்து, கப்பல் வரிசைகளுக்குக் காவல் போவார்கள். 'ஏ/எஸ் பட்ரோல்' என்றால் நீர்மூழ்கிக் கப்பல் தேடும் ரோந்து. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை வங்காள விரிகுடாவுக்குள் வந்து, கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, திரிகோணமலை என்று தாக்கிய நாட்களில் இந்த வரிகளின் எடை கூடும். அந்த வாரத்துப் பக்கம் உங்களிடம் இருந்தால் பத்திரம்.

நம் ஊர்ப் பெயர்கள் பிரிட்டிஷ் விமானிகளின் நோட்டுகளிலும் வருகின்றன. 'ரெட் ஹில்ஸ் லேக்' என்றால் செங்குன்றம் ஏரி. தண்ணீரில் இறங்கும் கேட்டலினா விமானங்களின் தளம் அது. சோழவரம், சூலூர், உளுந்தூர்பேட்டை, அரக்கோணம், கயத்தாறு, செட்டிநாடு எல்லாமே அன்றைய ஓடுதளங்கள். ஆங்கில உச்சரிப்பில் கன்னாபின்னாவென்று எழுதியிருப்பார்கள். வாய்விட்டுப் படித்தால் ஊர் வந்துவிடும்.

எங்கள் தாத்தா இங்கிலாந்தில் பறந்தவர். 'சர்க்கஸ்', 'ருபார்ப்', 'கார்டனிங்' என்றெல்லாம் எழுதியிருக்கிறார்.

1940இல் இருபத்து நான்கு இந்திய விமானிகள் பிரிட்டனுக்குப் போனார்கள். பிறகும் பலர் போனார்கள். அந்த நோட்டுகளில் வருபவை ரகசியப் பெயர்கள். சர்க்கஸ் என்பது சில குண்டுவீச்சு விமானங்களோடு பெரிய போர் விமானக் கூட்டத்தை அனுப்பி, ஜெர்மன் விமானங்களைச் சண்டைக்கு இழுப்பது. ருபார்ப் என்பது மேகமூட்டத்தைப் பயன்படுத்தி ஓரிரு விமானங்கள் தாழப் போய்க் கிடைத்ததைத் தாக்குவது. குண்டுவீச்சுப் படையில் கார்டனிங் என்றால் கடலில் கண்ணிவெடி போடுவது. நிக்கல் என்றால் துண்டுப் பிரசுரம் வீசுவது.

தாத்தா எத்தனை விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார் என்று எந்தப் பக்கத்தில் இருக்கும்?

வீழ்த்தியிருந்தால் அந்த வரியிலேயே எழுதியிருப்பார், ஸ்குவாட்ரன் ஆவணத்திலும் இருக்கும். ஆனால் பர்மாவில் இந்திய ஹரிக்கேன்களின் வேலை பெரும்பாலும் வேவும் தரைத் தாக்குதலும். வெஞ்சன்ஸ் விமானம் என்றால் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுவது. வீட்டில் தலைமுறையாகச் சொல்லி வந்த வீரக்கதை நோட்டில் இல்லை என்று வருத்தப்படுபவர்களைப் பார்க்கிறேன். 109ஆம் மைல்கல்லில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து வந்து சொன்னவரை நம்பித்தான் கீழே ஆயிரக்கணக்கான பேர் நடந்தார்கள். எனக்கு இதைவிடப் பெரிய கதை வேண்டாம்.

மாத முடிவில் இருக்கும் கையெழுத்துகள் யாருடையவை? 'ஆவரேஜ்' என்று போட்டிருக்கிறார்களே, அவமானமாக இல்லையா?

ஒன்று ஸ்குவாட்ரனின் உட்பிரிவான ஃப்ளைட்டின் தலைவருடையது, மற்றொன்று ஸ்குவாட்ரன் தலைவருடையது. 1944இல் முதலாம் ஸ்குவாட்ரனில் இருந்தவர் என்றால், பின்னாளில் விமானப்படையின் மார்ஷல் ஆன அர்ஜன் சிங்கின் கையெழுத்து உங்கள் வீட்டில் இருக்கிறது.

ஆவரேஜ் அவமானம் இல்லை. ஃபார்ம் 414ஏ என்ற மதிப்பீட்டுத் தாளில் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் கிடைக்கும். 'அபவ் தி ஆவரேஜ்' என்றால் நல்ல பெயர். 'எக்செப்ஷனல்' மிக அபூர்வம். கவனிக்க வேண்டிய குறைகள் என்ற இடத்தில் 'நில்', அதாவது ஆங்கிலத்தில் ஒன்றும் இல்லை, என்று இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

ஒரு மாதம் முழுக்கக் காலியாக இருக்கிறது.

விடுப்பு, தரைப் பயிற்சி, அல்லது காய்ச்சல். அந்தப் பகுதியில் மலேரியா பலரைப் படுக்கவைத்தது. 'எஸ்.எஸ்.க்யூ.' என்று இருந்தால் தளத்து மருத்துவ விடுதி.

லாக்புக்கை வேறு எதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்?

ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் செயல்பாட்டுப் பதிவேடு வைத்திருந்தது. ஃபார்ம் 540 நாளின் சுருக்கம், ஃபார்ம் 541 ஒவ்வொரு பறப்பின் விவரம். பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களுடையவை லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' தொகுப்பில் இருக்கின்றன. லாக்புக்கில் இரண்டு சொல்லில் முடிந்தது அங்கே ஒரு பத்தியாக இருக்கும். தேதி ஒரு நாள் முன்பின் இருந்தால் பதற வேண்டாம். மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியவர்கள் உண்டு.

கடைசி வரி வேறொருவர் கையெழுத்தில் இருக்கிறது.

இதைக் கேட்பவர்களிடம் நான் நேரில் உட்கார்ந்துதான் பேசுவேன். 'எஃப்.டி.ஆர்.' என்றால் ஃபெயில்டு டு ரிட்டர்ன், திரும்பி வரவில்லை. 'மிஸ்ஸிங்' என்றும் இருக்கும். சில மாதம் கழித்து வேறு மையில் 'டெத் பிரிசூம்டு', இறந்ததாகக் கருதப்படுகிறது என்று சேர்த்திருப்பார்கள். அந்த வரியை எழுதியது ஸ்குவாட்ரனில் இருந்த இன்னொருவர். மொத்த நேரத்தைக் கூட்டிப் போட்டு, கையெழுத்து வாங்கி, நோட்டை மூடி வைத்திருப்பார். கல்லறை கிடைக்காத விமானிகளின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தெற்கு, கிழக்கு ஆசியா முழுவதும் பறந்து காணாமல்போனவர்கள் அதில் அடக்கம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயரை வைத்துத் தேடலாம். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதியிருப்பார்கள், முதல் எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள்.

தாத்தா விமானப்படையில்தான் இருந்தார், ஆனால் லாக்புக்கே இல்லையே?

அவர் தரைப்பணியில் இருந்திருப்பார். பறப்பவர்களுக்கு மட்டும்தான் லாக்புக். எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர், ரேடியோவைச் சரிசெய்தவர், குண்டு ஏற்றியவர் யாருக்கும் கிடையாது. ஆரம்ப காலத்தில் இவர்களை 'ஹவாய் சிப்பாய்' என்றே அழைத்தார்கள். அவருடைய பணிப் புத்தகத்தில் 'எஃப்.எம்.இ.' என்று இருந்தால் எஞ்சின் மெக்கானிக், 'எஃப்.எம்.ஏ.' என்றால் விமான உடல் மெக்கானிக். எங்கள் நோட்டில் ஓரிடத்தில், பறந்தபோது எஞ்சினிலிருந்து எண்ணெய் கொட்டியதாக ஒரு வரி. மறுநாள் காலை அதே 'கே' விமானத்தில் மறுபடி கிளம்பியிருக்கிறார். அந்த ஒரு ராத்திரியில் அதைச் சரிசெய்தவர் பெயர் எங்கும் இல்லை.

நோட்டை எப்படிப் பாதுகாப்பது?

முதலில் எல்லாப் பக்கங்களையும், காலிப் பக்கங்களையும் சேர்த்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய தாள்களைத் தூக்கி அடியிலும் எடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். முதுகு விரியாத நோட்டை ஸ்கேனரில் வைத்து அழுத்தாதீர்கள். பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் எடுத்துப் பிரித்துப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். கண்டுபிடித்த அர்த்தங்களைப் பக்க ஓரத்தில் பென்சிலால்கூட எழுத வேண்டாம். தனி நோட்டு வாங்கி, இடப்பக்கம் அவர் எழுதியதை அப்படியே, வலப்பக்கம் நீங்கள் புரிந்துகொண்டதை எழுதுங்கள். என் நோட்டின் வலப்பக்கத்தில் இன்னும் பதினோரு வரிகள் காலியாக இருக்கின்றன.